வழிப்போக்கன் தொடங்கிய திரி

வலது கட்டைவிரல் காலையிலிருந்தே விண் விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. ஏழரை ஹெச்பி போர்வெல் மோட்டார் ஒன்றுக்குக் காயில் கட்டுகிற வேலை, அதாவது எரிந்துபோன செப்புக் கம்பிச் சுற்றை எடுத்துவிட்டுப் புதிதாகச் சுற்றுவது. பள்ளத்துக்குள் ஒயரை விட்டு மறுபக்கம் போய் இழுக்க வேண்டும், திரும்ப இந்தப் பக்கம் வந்து இழுக்க வேண்டும். இருபத்தாறு வருசமாக இருளப்பசாமி இழுத்துக்கொண்டிருக்கிறார். விரலின் கணு வீங்கி, மடக்கினால் நீட்ட முடியவில்லை, நீட்டினால் மடக்க முடியவில்லை. நிறுத்தினால் வலி இன்னும் ஏறும் என்பதால் அவர் நிறுத்துவதில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. பாளையம்பட்டி பஸ் ஸ்டாப்பை ஒட்டிய அவர் கடையில் மத்தியான வெயில் தகரத்தின் வழியாக இறங்கிக்கொண்டிருந்தபோது செல்போன் முனகியது. மோட்டார் மன்றத்திலிருந்து ஒரு மெயில். 'வழிப்போக்கன், நீங்கள் தொடங்கிய திரிக்குப் புதிய பதில் வந்துள்ளது.'

இருளப்பசாமி ஒயரைக் கீழே வைத்தார்.

மோட்டார் மன்றம் என்பது ஒரு வலைத்தளம். பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற ராம்குமார் சார், காரியாபட்டியில் தன் வீட்டில் உட்கார்ந்தபடி நடத்துகிறார். காயில் கட்டுகிறவர்கள், மோட்டார் ஏற்றி இறக்குகிறவர்கள், ஸ்டார்ட்டர் பெட்டி பழுது பார்க்கிறவர்கள் என்று தமிழ்நாடு முழுக்க ஒன்பதாயிரம் பேர் அதில் இருக்கிறார்கள். ஒருவன் கேள்வி போடுவான். தெரிந்தவர்கள் கீழே பதில் போடுவார்கள். கேள்வியும் பதில்களும் சேர்ந்தது ஒரு திரி. யாரும் சொந்தப் பேரில் எழுதுவதில்லை. இருளப்பசாமிக்கு அங்கே 'பாளையம்' என்று பெயர். மன்றத்தை மேய்க்கிற நாலு பேரில் 'பாளையம்' ஒருவர். ஆனால் ஆறு வருசத்துக்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்பதற்காக மட்டும் வேறு ஒரு பெயரில் உள்ளே போனார். அந்தப் பெயர்தான் வழிப்போக்கன். அது அவர் என்பது ராம்குமார் சாருக்குக்கூடத் தெரியாது.

புதிய பதிலைத் திறந்தார்.

'வணக்கம். இந்தத் திரியை இப்பத்தான் பார்த்தேன். எங்கள் வீட்டிலும் இதேபோல் நடந்தது. 2019 ஆவணி. அஞ்சு ஹெச்பி மோட்டார். எங்க மதினிக்கு வலது கை. எர்த் ஒயர் கட்டியது நான். நீங்கள் எந்த ஊர் என்று சொல்ல முடியுமா?'

கீழே 'பாண்டி, ரெட்டியபட்டி' என்று இருந்தது.

இருளப்பசாமி அந்தப் பேரை இரண்டு தடவை படித்தார்; அவனை அவருக்குத் தெரியும்.  

நடந்தது இதுதான். எம்.ரெட்டியபட்டிப் பக்கம் மொக்கையன் என்று ஒரு சம்சாரி. போர் மோட்டார் எரிந்துபோய் வெங்காயம் வாடிக்கொண்டிருந்தது. இருளப்பசாமி ராவும் பகலுமாகக் காயில் கட்டி முடித்தார். முடித்த மோட்டாரை ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, பிறகு எங்காவது கரண்டு கசிகிறதா என்று மெக்கர் மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். காய்ந்த ஒயரில் மீட்டர் நல்ல கணக்கைத்தான் காட்டும். எங்காவது ஒரு கீறல் இருந்தால், தண்ணீர் உள்ளே போனபிறகுதான் அது காட்டிக்கொடுக்கும்.

ஆனால் மொக்கையன் விடிந்ததும் வந்து நின்றார். வெள்ளிக்கிழமை, வளர்பிறை, ஒன்பதே காலுக்கு நல்ல நேரம். பத்தரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும். கரிசல் பக்கம் மோட்டார் இறக்குவதென்றால் சும்மா இல்லை; சூடம் கொளுத்தி, எலுமிச்சம்பழம் அறுத்து, கைராசிக்காரர் ஒருவர் பைப்பைத் தொட்டுக் கும்பிட்ட பிறகுதான் உள்ளே விடுவார்கள். இறக்குகிற டீமும் அன்று விட்டால் அடுத்த வாரம்தான். மோட்டார் ஓட்டுகிற திரீபேஸ் கரண்டு மூணு மணிக்குப் போய்விடும். "ஊற வைக்கணும்ணே" என்று இருளப்பசாமி ஒரு தடவை சொன்னார். "கெணத்துக்குள்ள போயி ஊறப்போகுது, அங்க என்ன மண்ணெண்ணெயா கெடக்கு?" என்றார் மொக்கையன். எல்லோரும் சிரித்தார்கள். இருளப்பசாமியும் சிரித்தார். மீட்டரைக் காய்ந்தபடியே வைத்துப் பார்த்துவிட்டு வண்டியில் ஏற்றிவிட்டார்.

நாலாம் நாள் மொக்கையன் பெண்சாதி கருத்தம்மாள் ஈரக் காலோடு இரும்புப் பைப்பைப் பிடித்தாள். பைப்பு அவளைப் பிடித்துக்கொண்டது. கம்பால் அடித்துப் பிரித்தார்கள். உயிர் தப்பியது. வலது கையின் நாலு விரலும் உள்ளங்கையைப் பார்த்து மடங்கியவை மடங்கியபடியே நின்றுவிட்டன.

மோட்டாரை மேலே ஏற்றி இருளப்பசாமியின் கடைக்குக் கொண்டுவந்தார்கள். திறந்து பார்த்தார். ஒரு பள்ளத்தின் வாயில், அவர் அவசரத்தில் வலித்து இழுத்த இடத்தில், ஒயரின் தோல் உரிந்து கரி பிடித்திருந்தது. மொக்கையன் வாசலில் நின்றிருந்தார்.

"மோட்டார்ல ஒண்ணும் இல்லண்ணே. எர்த்து சரியா இருந்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காது" என்றார் இருளப்பசாமி.

கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடும் எர்த் ஒயர் அறுந்து கிடந்தது உண்மைதான். அதைக் கட்டியவன் மொக்கையனின் தம்பி பாண்டீஸ்வரன். ஆத்தா செத்தபிறகு பத்து வயதிலிருந்து கருத்தம்மாள் கையால் தின்று வளர்ந்தவன். அன்றோடு அண்ணன் வீட்டு வாசலில் அவனுக்கு இடம் இல்லாமல் போயிற்று. எதற்கும் இருக்கட்டும் என்று இருளப்பசாமி அந்தக் காயிலைப் புதிதாகக் கட்டிக் கொடுத்து, கூலி வேண்டாம் என்றுவிட்டார். தங்கமான மனுசன் என்று மொக்கையன் ஊரெல்லாம் சொன்னார்.

அதற்குப் பிறகு ஒரு முறை அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் கருத்தம்மாளைப் பார்த்தார். இடது கையால் சுருக்குப் பையை அவிழ்க்கத் தெரியாமல் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். இவரைப் பார்த்ததும் பையை விட்டுவிட்டு, "என்னண்ணே, பிள்ளைக சௌக்கியமா?" என்று கேட்டாள்.

அதையெல்லாம் எங்கே போய்ச் சொல்வது? மன்றத்தில் சொன்னார். வழிப்போக்கன் என்று பேர் வைத்துக்கொண்டு, ஊரைச் சொல்லாமல் எழுதினார். 'ஊறப்போடாமல் இறக்கிவிட்டேன். ஒரு பெண்ணின் கை போய்விட்டது. எர்த் ஒயர் கட்டிய கொழுந்தன் மேல் பழி விழுந்துவிட்டது. நான் எங்கே தப்புச் செய்தேன்? இனி எப்படிச் செய்ய வேண்டும்?' எழுதி முடித்துவிட்டு, அனுப்புகிற பொத்தானுக்குப் பக்கத்திலேயே அழிக்கிற பொத்தான் இருக்கிறதா என்று பார்த்தார். திரியைத் தொடங்கியவன் எப்போது வேண்டுமானாலும் அழிக்கலாம் என்று இருந்தது. அதைப் பார்த்த தைரியத்தில்தான் அனுப்பினார்.

பதில் வந்தது. ஒன்று இரண்டு இல்லை, இருநூற்றுப் பதினாலு. ராஜபாளையத்தில் சொந்தமாக வைண்டிங் கடை வைத்திருக்கிற சௌந்தரம் என்ற பெண் இருபத்திரண்டு படிகளாகப் பிரித்து எழுதினாள். எத்தனை மணி நேரம் ஊற வேண்டும், மீட்டர் எவ்வளவு காட்டினால் இறக்கலாம், ஒயர் உரசாமல் இருக்கப் பள்ளத்தின் வாயில் எதைச் செருகுவது, எல்லாம். மற்றவர்கள் தாங்கள் செய்த தப்புகளைச் சொன்னார்கள். அந்தத் திரியை அச்செடுத்துக் கடைச் சுவரில் ஒட்டியவர்கள் எத்தனையோ பேர். இருளப்பசாமியின் சுவரிலும் அது ஒட்டியிருக்கிறது. மொக்கையனுக்குப் பிறகு எந்தக் கொம்பன் வந்து நின்றாலும் அவர் ஊறப்போடாமல் ஒரு மோட்டாரையும் கொடுத்ததில்லை.

இப்போது, பாண்டீஸ்வரன் ஆளைக் கண்டுபிடிப்பதற்குள், அதை அழித்துவிட வேண்டும். அதிலும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள் அழிக்க வேண்டும். ஏனென்றால் ஆறு மணிக்கு அந்தப் பொத்தானையே மன்றத்திலிருந்து எடுத்துவிடப்போகிறார்கள். எடுக்க வைத்ததே இருளப்பசாமிதான்.

போன மாதம் ஒருவன், பழைய மாடல் மோட்டார் ஒன்றுக்கு எத்தனை சுற்று, ஒயர் என்ன தடிமன் என்று கேட்டான். அறுபது பேர் தேடித் தேடிச் சொன்னார்கள். வேலை முடிந்ததும், தன் ஊர்ப் போட்டிக் கடைக்காரன் பார்த்துவிடக்கூடாது என்று திரியையே அழித்துவிட்டான். மன்றம் கொதித்தது. எல்லோரையும் விடப் பெரிதாகக் கொதித்தது 'பாளையம்'தான். 'கேள்வி உன்னுது. பதில் ஊருது. ஊருதை அழிக்க நீ யார்?' என்று எழுதினார். 'செம்மண்' என்ற பெயரில் ஒருவன் மறுத்தான். அழிக்க முடியாது என்று தெரிந்தால் எவன் தன் தப்பை எழுதிக் கேட்பான், எல்லோரும் யோக்கியன் மாதிரிதான் கேள்வி கேட்பார்கள் என்றான். அதற்குப் 'பாளையம்' போட்ட பதிலுக்கு எழுபது பேர் கைதட்டியிருந்தார்கள். 'தப்புப் பண்ணினவன் ஒளிஞ்சுக்கிறதுக்கு மன்றம் என்ன கருவேலங்காடா?'

இப்போது அதைப் படித்தபோது தன் பெயரில் வேறு எவனோ எழுதியது போல இருந்தது. செம்மண் சொன்னது அச்சு அசலாக உண்மை. அந்தப் பொத்தான் இல்லையென்றால் அன்றைக்கு அவர் ஒரு எழுத்துக்கூட எழுதியிருக்க மாட்டார். சௌந்தரமும் எழுதியிருக்க மாட்டாள். இன்னும் எத்தனை பைப்பில் எத்தனை கை மாட்டியிருக்குமோ.

திரியின் மேல் மூலைக்குப் போய் அழுத்தினார். 'இத்திரியுடன் 215 பதில்களும் அழியும். மீட்க இயலாது. உறுதியா?' என்று கேட்டது. பாண்டீஸ்வரனுடையதையும் சேர்த்துக் கணக்குப் பண்ணியிருந்தது.

"சோத்தைக் கொண்டாந்து வச்சு ஒரு மணி நேரம் ஆகுது. அந்தச் செல்லுல என்ன, பொண்ணு பாக்குறீகளா?" என்று வாசலிலிருந்து தங்கலட்சுமி கத்தினாள். அவர் பெண்சாதி.

"ஆமா, ஒனக்கு ஒத்தாசைக்கு."

"பாருங்க, பாருங்க. ஒயரு இழுக்கத் தெரிஞ்சவளாப் பாருங்க. எனக்கும் ஓய்வு கெடைக்கும்."

அவர் போனைக் கவிழ்த்து வைத்தார்.

சாப்பிட்டுவிட்டு ராம்குமார் சாரைக் கூப்பிட்டார். ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன் என்று தொடங்கினார். பழைய திரி ஒன்றைத் தொடங்கியவனுக்கு அதனால் இப்போது ஆபத்து என்றால் என்ன செய்வது?

"என்னய்யா இருளப்பா, நீதானே கருவேலங்காடான்னு கேட்டே? இப்ப ஒனக்கு எவன் மேல எரக்கம் வந்துச்சு?" சார் சிரித்தார். "நானும் யோசிச்சேன். அழிக்கிறதுக்குப் பதிலா பேரை மட்டும் எடுத்துருவோம். திரி இருக்கும், எழுதுனது 'பழைய உறுப்பினர்'னு இருக்கும். யாரு என்னன்னு எனக்கே தெரியாத மாதிரி செஞ்சிரலாம். யாருக்கும் நஷ்டம் இல்லேல்ல?"

யாருக்கும் நஷ்டம் இல்லை. சொல்லக் கேட்டபோது அப்படித்தான் இருந்தது. போனை வைத்தபிறகு, பாண்டீஸ்வரனின் கேள்வி அந்தத் திரியின் அடியில் அப்படியே நிற்கும் என்பது உறைத்தது. பழைய உறுப்பினரே, நீங்கள் எந்த ஊர்?

அடுத்து சௌந்தரத்தைக் கூப்பிட்டார். நேரில் பார்த்ததில்லை, போனில் ஏழெட்டு வருசப் பழக்கம்.

"ஏ அண்ணாச்சி, என்ன வேலை நேரத்துல? மோட்டாரு எரிஞ்சுச்சா, நீங்க எரிஞ்சீகளா?"

"அந்த ஊறப்போடுற திரி இருக்குல்லம்மா. வழிப்போக்கன் போட்டது."

"இருக்கு. அதுல நானும் முழ நீளத்துக்கு அளந்து வச்சிருக்கேன்."

"அந்த ஆளு அதை அழிச்சான்னா ஒனக்கு எப்படி இருக்கும்?"

அந்தப் பக்கம் தட்டிக்கொண்டிருந்த சுத்தியல் நின்றது.

"அழிக்கப் போறாரா?"

"ஞாயித்துக்கெழமைக்குள்ள அழிக்கலாம்ல. பேச்சுக்குக் கேக்கேன்."

"மொதல்ல நான் ஒரு காப்பி எடுத்துக்கிடணும். என்ன எழுதுனேன்னு எனக்கே மறந்துபோச்சு. போன மாசம் ஒரு சந்தேகம் வந்து நானே அதைத் தொறந்துதான் படிச்சேன். பரவாயில்ல, அறிவாளிதான் போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

"கோவம் வராதா?"

"வரும். ரெண்டு நாளு ஒத்த வெரலால தட்டுனது. எவனுக்குடி லெட்டர் எழுதுறேன்னு எங்க வீட்டுக்காரரு முறைச்சுக்கிட்டே திரிஞ்சாரு. ஆனா அவரு மானத்தை விட்டுக் கேட்டாரு, அதனால எழுதுனேன். சும்மா எந்த வாத்தி கேட்டாலும் எழுதியிருக்க மாட்டேன்."

"அப்ப, அழிச்சுக்கிடட்டும்ங்கிறயா?"

"அதை ஏன் எங்கிட்டக் கேக்கீக? இன்னைக்கு அடியில ஒரு ஆளு கேள்வி போட்டுருக்கு, பாத்தீகளா? ஆறு வருசமாச் செமந்த மூஞ்சி அந்த எழுத்துலயே தெரியுது. அவனுக்குப் பதிலைச் சொல்லிட்டு என்னத்தையும் அழிச்சுக்கிடட்டும். சொல்லாம அழிச்சா நல்லா இருக்காது." சுத்தியல் மறுபடி தட்டத் தொடங்கியது. "அண்ணாச்சி, ஒண்ணு சொல்லுதேன். அந்த வழிப்போக்கன் யாருன்னு ஆறு வருசமா நான் யாருட்டயும் கேக்கல. இனியும் கேக்க மாட்டேன். வைக்கேன்."

போன் அணைந்த பிறகும் இருளப்பசாமி அதைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றார்.

பாண்டீஸ்வரன் எங்கே இருக்கிறான் என்று விசாரிப்பது கஷ்டமாக இல்லை. காரியாபட்டிப் பக்கம் மோட்டார் இறக்குகிற டீமில் சேர்ந்துவிட்டான் என்று பைப்புக் கடைக்காரர் ஒருவர் சொன்னார். ஏன் அந்த வேலைக்குப் போனான் என்று அவர் சொல்லவில்லை. இருளப்பசாமிக்குச் சொல்லத் தேவையும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதுரை பஸ்ஸில் ஏறிக் காரியாபட்டியில் இறங்கி, ஆட்டோ பிடித்து, அவர்கள் வேலை செய்துகொண்டிருந்த வயற்காட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. அவர் மனசில் ஒரு திட்டம் இருந்தது. அவனிடம் மட்டும் சொல்லிவிடுவது. கையைக் காலைப் பிடித்துக்கொள்வது. பிறகு அழித்துவிடுவது.

முக்காலி நட்டு, சங்கிலிக் கப்பியில் இரும்புப் பைப்பு தொங்கிக்கொண்டிருந்தது. பாண்டீஸ்வரனும் மாரீஸ்வரன் என்று இன்னொருவனும் பைப்போடு பைப்பை முடுக்கிக்கொண்டிருந்தார்கள். முப்பது வயதில் நாற்பதின் முதுகு பாண்டீஸ்வரனுக்கு வந்திருந்தது. இவரைப் பார்த்ததும் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான்.

"வாங்கண்ணே! நீங்க எங்க இங்கிட்டு? இது ஒங்க காயிலு இல்லையே."

"ஒன்னயத் தேடித்தான் வந்தேன்."

"இருங்க, பைப்பு அந்தரத்துல நிக்கிது. ஒரு கை குடுங்க, அந்தக் கிளாம்பைப் புடிங்க."

பிடித்தார். வலது விரல் உயிரைப் பிடுங்கியது. அவர்கள் நட்டை முடுக்கி, பைப்பு உட்காரும்வரை பிடித்திருந்தார்.

"அந்தத் திரி" என்றார் இருளப்பசாமி. கிளாம்பை விடவில்லை. "நீ ஊரு கேட்டியே. வழிப்போக்கன் நான்தான் பாண்டி."

பாண்டீஸ்வரன் அவரையே பார்த்தான். பிறகு திரும்பி, "மாரீசு, நீ போயி டீ குடிச்சுட்டு வா" என்றான்.

"இப்பத்தானடா குடிச்சோம்?"

"ஏலே, போயி இன்னொன்னு குடிலே."

மாரீஸ்வரன் போனான். பாண்டீஸ்வரன் போர்க் குழியைச் சுற்றிக் கிடந்த பைப்புகளில் ஒன்றின் மேல் உட்கார்ந்தான். அடிப்பான் என்று எதிர்பார்த்தே இருளப்பசாமி நின்றிருந்தார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"யாரோ கோயமுத்தூர்க்காரன்னு நெனச்சேன்ணே" என்றான். "நம்மள மாதிரியே ஒரு ஊர்ல ஒருத்தன் இருக்கான் பாருன்னு. அவன்கிட்டப் பேசினா ஆறுதலா இருக்கும்னுதான் கேட்டேன்."

இருளப்பசாமி சொல்லத் தொடங்கினார். ஊறப்போடாதது, உரிந்து கரி பிடித்த ஒயர், வாசலில் நின்ற மொக்கையனிடம் சொன்ன வார்த்தை. எதையும் குறைக்கவில்லை.

"எர்த்து அந்து கெடந்தது நெசம்தான் பாண்டி. ஆனா பைப்புக்குக் கரண்டு வந்தது என் காயில்ல இருந்து."

"தெனமும் அந்த ஒயரை மனசுக்குள்ள முறுக்கிப் பாத்துக்கிட்டே இருந்தேன்ணே. நல்லாத்தான் முறுக்குனேன்னு ஒரு நாளு தோணும். மறுநாளு, இல்லையோன்னு தோணும். மோட்டாரு வேலைக்கு வந்ததே அதுக்குத்தான்." மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். "ஏம்பங்கு எனக்குச் சரிதான். ஒங்க பங்கையும் சேத்துல்ல செமந்திருக்கேன்."



"அதை அழிச்சுரலாம்னு நெனச்சேன்" என்றார் இருளப்பசாமி. "ஒன்கிட்டச் சொல்லிட்டு, அழிச்சுட்டு..."

"எதை?"

"திரியை. சாயங்காலத்துக்கு மேல முடியாது."

பாண்டீஸ்வரன் எழுந்தே விட்டான். "ஏண்ணே, கிறுக்குப் புடிச்சிருக்கா? அழிச்சுட்டா எங்கண்ணன் எப்படி நம்புவாரு? நீங்களே வந்து சொன்னாலும், தம்பிக்காரன் ஆளைப் புடிச்சுப் பேசவச்சுட்டாம்பாரு. அது நடந்து மூணாம் மாசமே எழுதுனது. தேதி இருக்கு, நேரம் இருக்கு. எர்த்து கட்டுனவன் மேல பழி விழுந்துருச்சுன்னு ஒங்க வாயால எழுதியிருக்கீக. எனக்குன்னு இந்த ஒலகத்துல சாட்சி சொல்ல அது ஒண்ணுதான் இருக்கு."

"அதுல எம்பேரு இல்லையே."

"இல்லதான்" என்றான்.  அவர் முகத்தைப் பார்த்தான்.

இருளப்பசாமி போனை எடுத்தார். வீங்கிய விரலால் தட்ட முடியவில்லை. இடது கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். வழிப்போக்கன் என்ற பெயரின் கீழேயே எழுதினார். 'பாண்டீஸ்வரனுக்குப் பதில். ஊர் எம்.ரெட்டியபட்டிப் பக்கம். வீட்டுக்காரர் மொக்கையன். காயில் கட்டியவன் பாளையம்பட்டி இருளப்பசாமி. இந்த மன்றத்தில் "பாளையம்" என்று எழுதுகிறவனும் நான்தான். மோட்டாரில் ஒன்றும் இல்லை என்று நான் சொன்னது பொய்.' அனுப்பினார். வெயிலில் திரை சரியாகத் தெரியவில்லை. போய்விட்டதா என்று கேட்டபோது பாண்டீஸ்வரன் தன் போனைத் திறந்து பார்த்து, "வந்துருச்சு" என்றான்.

படித்துவிட்டுப் போனை மடியில் கட்டினான்.

"அண்ணன் வச்சிருக்கது பட்டன் செல்லு. மதினிக்கு அதுவும் இல்ல. இதை அவுக எங்க படிக்கப் போறாக? நீங்க போயிச் சொல்லணும்ணே. நான் கூட வரமாட்டேன். வந்தா, இழுத்துட்டு வந்த மாதிரி ஆயிரும்."

"சொல்லுதேன்."

"எப்ப?"

"இன்னைக்கே. போற வழியிலயே."

மாரீஸ்வரன் திரும்பி வந்தான். மறுபடியும் பைப்பு இறங்கத் தொடங்கியது. பாண்டீஸ்வரன் போய்வாருங்கள் என்று சொல்லவில்லை. வரும்போது வாங்கண்ணே என்றவனின் முதுகுதான் போகும்போது தெரிந்தது.

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது மணி மூன்று. ரெட்டியபட்டிக்கு ஷேர் ஆட்டோ நின்றது. "ஒரு ஆளு, ஒரே ஆளு, ஏறுனா கெளம்பிருவோம்" என்று டிரைவர் கத்திக்கொண்டிருந்தார். இருளப்பசாமி பக்கத்தில் போனார். உள்ளே ஐந்து பெண்கள் மடியில் பையோடு நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி நகர்ந்து இடம் விட்டாள். "ஏறுங்கண்ணே" என்றாள். எழுதுவதற்கு இடது கை போதுமாக இருந்தது. கருத்தம்மாளின் வாசலில் தான் போய் நின்று, அவளுடைய மடங்கிய கையைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறப்பதை நினைத்ததும் ஆட்டோவை விட்டு விலகினார். இன்னொரு நாள் காலை நேரமாகப் போகலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பாளையம்பட்டி டவுன் பஸ்ஸில் ஏறினார்.

ஆறு மணிக்கு மன்றத்தில் அந்தப் பொத்தான் போனது. திரி மட்டும் விடாமல் வளர்ந்தது. சிலர் காறித் துப்பினார்கள். சிலர் கும்பிட்டார்கள். 'கருவேலங்காட்டிலிருந்து பாளையம் வெளியே வந்துவிட்டார்' என்று ஒருவன் எழுதினான். செம்மண், 'இனி இப்படிக் கேட்க ஒருத்தனும் வரமாட்டான், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்' என்றான்.  அவன் சொல்வதுதான் நடக்கும் என்று இருளப்பசாமிக்குத் தோன்றியது. மன்றத்தை மேய்க்கிற வேலையை விட்டுவிடுகிறேன் என்று ராம்குமார் சாருக்கு எழுதினார். சார், 'சரி' என்று மட்டும் பதில் போட்டார். சௌந்தரம் அந்தத் திரியில் ஒன்றும் எழுதவில்லை.

கடைக்கு வருகிற மோட்டார் குறைந்தது. பந்தல்குடிக்காரர் ஒருவர், பாதி கட்டியிருந்த மோட்டாரைப் பாதியிலேயே தூக்கிக்கொண்டு போனார். தங்கலட்சுமிக்கு யாரோ படித்துக் காட்டியிருக்கிறார்கள்.  சோற்றுத் தூக்கை வைத்துவிட்டு, "அன்னைக்குக் கூலி வேணாம்னீகளே, அப்பவே நெனச்சேன். நீங்க அப்படிப்பட்ட ஆளு இல்லையேன்னு" என்றாள். பிறகு, "அந்தப் பொம்பளைகிட்டச் சொல்லிட்டீகளா?" என்று கேட்டாள். அவர் பள்ளத்துக்குள் ஒயரை விட்டார்.

மொக்கையன் காதுக்கு விசயம் போயிருக்குமா என்று தெரியவில்லை. போயிருந்தாலும் அவர் வரவில்லை, தம்பியையும் கூப்பிடவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பாண்டீஸ்வரனிடமிருந்து ஒரே கேள்வி வரும். 'போனீங்களாண்ணே?' இந்த வாரம் போகிறேன் என்று இவர் தட்டிவிடுவார்.

நாலு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. கருத்தம்மாளின் முன்னால் போய் நின்று, உன் கை மடங்கியது என் வேலையால், உன் கொழுந்தன் முறுக்கிய ஒயரால் மட்டும் இல்லை என்று அவள் முகத்தைப் பார்த்து வாயால் சொல்ல வேண்டும். அவளுக்கு இருளப்பசாமி பட்ட கடன் அதுதான். அதை அவர் இன்னும் கொடுக்கவில்லை.